ஒத்திப் பணம் வருமானம் அல்ல

மச்சான்,

விடிவதற்குள் கதவு உடைகிற மாதிரி சத்தம். பிள்ளை அலறி எழுந்தான். தட்டியவர் நம் தெற்குவாசல் வீட்டில் ஒத்திக்குக் குடியிருக்கும் தனிஸ்லாஸ். "பங்குனியோட ஒத்தி முடியுது தங்கச்சி. பணத்தைக் குடுத்தா சாமானை ஏத்திக்கிட்டுப் போயிருவேன்" என்றார். நீங்கள் எழுமலைச் சந்தைக்குப் போயிருந்தது நல்லதாயிற்று. இருந்திருந்தால் அவர் முன்னாலேயே உங்களிடம் கத்தியிருப்பேன்.

ஒத்திக்கு விட்டால் மாதாமாதம் வாடகைக்கு நடக்க வேண்டாம், பணம் மொத்தமாக வரும் என்றீர்கள். வந்தது. அது வருமானமா? ஆள் காலி செய்கிற நாளில் சல்லி குறையாமல் திருப்பித் தர வேண்டிய அமானிதம்! அதைப் போட்டு அவனியாபுரத்தில் இன்னொரு வீடு வாங்கி, அதையும் ஒத்திக்கே விட்டீர்கள். நாம் இருக்கிற இந்த வீடு போக இரண்டு வீடு இருந்தும் ஓரணா வாடகை இல்லை. ஓடு மாற்றுகிற செலவு மட்டும் நமக்கு. புதிதாக வீடு வாங்குகிறவர் ஒன்றையாவது மாத வாடகைக்கு விட வேண்டாமா? அன்றைக்கே சொன்னேன். "பேசாம இரு புள்ளே" என்றீர்கள்.

வாப்பாவிடம் கைமாற்றுக் கேட்கப் பேரையூர் போகிறேன். நாளை வந்துவிடுவேன். மீன் ஆணம் உறியில் இருக்கிறது. உங்களுக்காகப் புளியைக் குறைத்தேன். இருந்த கோபத்தில் உப்புப் போட்டேனா என்று நினைவில்லை. சாவி பக்கத்து வீட்டு சைனப் ராத்தாவிடம்.

ஷரீபா

இதையும் படியுங்கள். புறப்படும்போது முன்பின் தெரியாத ஓர் அம்மாள் உள்ளே வந்து, கூடத்தையும் கிணற்றையும் அடுப்படியையும் நிதானமாகப் பார்த்தார். யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று கேட்டேன்.

"ஒங்க வீட்டுக்காரரு எங்ககிட்ட ஒத்திப் பணம் வாங்கிட்டாரே தாயி, நீங்க எப்பக் காலி பண்றீக?"