சீட்டியடித்த பல் செட்

ஜூன் 4

இரண்டு கீழ்வரிசைப் பல் செட்டுகளுக்கு மெருகு போட்டதோடு இன்றைய வேலை முடிந்தது. அதிலும் ஒன்றை இரண்டு முறை கீழே போட்டுவிட்டேன். இந்தக் கையோடு பல் செட் செய்தால் இன்னொரு வழக்கு வரும். இருக்கிற ஒன்றே போதும்.

வழக்குப் போட்டவர் ரயில் நிலைய அறிவிப்பாளர். நான் செய்த செட் ஈறைப் புண்ணாக்குகிறதாம், பேசினால் சீட்டியடிக்கிறதாம். "கார்டு ஊதறதுக்கு முன்னாடி நான் ஊதிடறேம்மா, பிளாட்பாரமே சிரிக்குது" என்று மார்ச்சில் கடைக்கு வந்து கத்தினார். கழற்றிப் பார்த்திருக்க வேண்டும். எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்வதையே சொன்னேன்: "பழகிடும் சார்." அவர் நேரே நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போய்விட்டார்.

பதினெட்டாம் தேதி விசாரணை. தீர்ப்பு எதிராக வந்தால் உரிமத்தைப் புதுப்பிக்க மாட்டார்கள். எனக்கு வேறு தொழில் தெரியாது.

ஜூன் 5

சோறு இறங்கவில்லை.

ஜூன் 7

வக்கீல் சிரிக்கிறார். "நீங்க என்ன கொலையா பண்ணிட்டீங்க?" விசாரணைக்கு முன் பதினாறாம் தேதி சமரச அறையில் இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பேசுவார்களாம். அதுவும் பயம்தான். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்கு என் பெயரே மறந்துபோகும்.

தங்கை, கடைக் கணக்கைப் பார்ப்பவள், எரிந்து விழுந்தாள். "தப்புப் பண்ணலன்னா நிமிந்து நில்லேன்க்கா."

பண்ணினேனா இல்லையா? அதுதானே தெரியவில்லை!

ஜூன் 10

பரிசோதிக்க அனுமதி வாங்கி, அவருடைய செட்டை வக்கீல் கொண்டுவந்து கொடுத்தார். வாடிக்கையாளர்களின் ஈறை அச்செடுத்து வார்த்த மாவுக்கட்டு அச்சுகளை ஒரு வருடம் அலமாரியில் வைத்திருப்போம். அவர் அச்சை எடுத்துச் செட்டைப் பொருத்தினேன். கால் குட்டையான நாற்காலி மாதிரி ஆடியது. போச்சு, என் தப்புதான் என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பிறகுதான் பக்கத்து அச்சைப் பார்த்தேன். அவர் அண்ணனுடையது. இருவரும் ஒரே வீடு. ஜனவரியில் சேர்ந்துதான் வந்தார்கள், ஒரே மாதிரி பல்தான் வேண்டும் என்று சின்னப் பிள்ளைகள்போல அடம்பிடித்தார்கள். அந்த அச்சில் வைத்தேன். டக்கென்று உட்கார்ந்தது.

இங்கே அவரவர் வாயில் நானேதான் மாட்டி அனுப்பினேன். கண்ணாடியில் பார்த்து இருவரும் சிரித்தார்கள். அப்படியென்றால் வீட்டில்தான் மாறியிருக்கிறது. கழுவிவிட்டு ஆளுக்கொன்றாக எடுத்து மாட்டிக்கொண்டிருப்பார்கள். தப்பு என்னோடதில்ல! தங்கையைக் கட்டிப்பிடித்து அழுதேன்.

ஜூன் 11

அண்ணனிடம் இருப்பதை வாங்கி மாற்றிக் கொடுத்தால் முடிந்தது என்றாள் தங்கை. வீட்டுக்கு போன் செய்தேன். அண்ணனின் மனைவி எடுத்தார்.

"அவர் ஏப்ரல்லயே போயிட்டாரேம்மா."

அவரே சொல்லிக்கொண்டு போனார். கடைசியில் பாலைத் தவிர ஒன்றும் இறங்கவில்லையாம். நோய் முற்றினால் அப்படித்தான் என்றாராம் டாக்டர். தம்பிதான் கெஞ்சிக் கெஞ்சி ஊட்டுவாராம். "நீங்க செஞ்ச பல்ல மட்டும் கழட்டவே விடலம்மா. கொஞ்ச நாள் வலிக்கும், பொறுத்துக்கச் சொல்லியிருக்காங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தார். போகும்போதும் அதோடதான் போனார்."

பொறுத்துக்கச் சொன்னது யாரு? நான். இங்கிருந்து கிளம்பும்போது இரண்டு பேரிடமும் சொன்னேன் — தம்பி பொறுக்காமல் வழக்குப் போட்டார். அண்ணன் பொறுத்துக்கொண்டார்.

ஜூன் 12

இதைச் சொன்னால் நான் ஜெயித்துவிடுவேன்.

ஜூன் 13

வக்கீலுக்குத் தலைகால் புரியவில்லை. "ரெண்டு அச்சையும் மேஜை மேல வைங்க, கேஸ் முடிஞ்சுது!" அறிவிப்பாளர் மனசு என்னாகும் என்றேன். தன் வாயில் இருந்தது அண்ணன் பல், அண்ணன் சாப்பிட முடியாமல் கிடந்தது தன் பல்லோடு என்று தெரிந்தால்? ஊட்டிவிட்ட கை அல்லவா?

"யாரோ ஒருத்தருக்காக நம்ம வாயில நாமே மண்ணப் போட்டுக்கணுமா?" என்று தங்கை அழுதாள். அவள் கேட்டதில் தப்பில்லை. நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

வக்கீல் கிளம்பும்போது எச்சரித்தார். "எது வேணா பேசுங்க. தப்பு என்னோடதுன்னு மட்டும் சொல்லிடாதீங்க. அது பதிவாச்சுன்னா உரிமக் குழு உங்கள விடாது."

ஜூன் 16

சின்ன அறை. ஒரு மேஜை, சமரசம் பேசும் அம்மாள், எதிரே அவர். பல் இல்லாமல் கன்னம் ஒட்டிப்போய், கைக்குட்டையால் வாயை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கத்திய மனிதர் இவர்தானா? என் மடியில் பை, பைக்குள் இரண்டு அச்சு. பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"அச்சுல வெச்சுப் பாத்தீங்களாம்மா?" என்று அறிவிப்பாளர் கேட்டார்.

"பாத்தேன் சார். பொருந்தல."

"அண்ணனோட அச்சு இருக்கா?"

என்னை அவர் பார்த்த பார்வை இருக்கிறதே — அவரும் என்னைப் போலவே பயந்துபோயிருந்தார். அதைப் பார்த்த பிறகு எனக்கு யோசிக்க ஒன்றுமில்லை.

"உடைஞ்சுபோச்சு சார். தப்பு என்னோடதுதான். வேற செட் செஞ்சு தரேன்."

பக்கத்தில் வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். அம்மாள் எழுதிக்கொண்டார். அறிவிப்பாளர் வழக்கைத் திரும்பப் பெறுவதாகக் கையெழுத்துப் போட்டார். பழைய செட்டைக் கேட்டார்.

"அது உங்களுக்கு ஆகாது சார்."

"பரவால்லம்மா. எங்கிட்டயே இருக்கட்டும்."

கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

ஜூலை 9

உரிமக் குழு விளக்கம் கேட்டிருக்கிறது. தங்கை இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. எனக்கும் பழையபடி சோறு இறங்கவில்லை.

மதியம் அறிவிப்பாளர் வந்தார். புதுச் செட் கச்சிதமாக உட்கார்ந்தது. நாலு ரயில்களின் பெயரைச் சொல்லச் சொன்னேன். சீட்டி இல்லை. வலிச்சா உடனே வாங்க சார், பொறுத்துக்காதீங்க என்று சொன்னேன். தலையாட்டிவிட்டு வாசல் வரை போனவர் அங்கேயே நின்றார்.

"அண்ணி எப்பவாவது போன் பண்ணி ஏதாவது கேட்டாங்கன்னா, அண்ணனுக்கு செட் நல்லாத்தான் அமைஞ்சுதுன்னு சொல்லிடுங்கம்மா."

சொல்றேன் சார் என்றேன்.