வீரபாண்டித் தண்ணீர்

அம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டு முனீஸ்வரி எழுதுவது. நார்வேயில் குளிர் குறைந்துவிட்டது, நன்றாகச் சாப்பிடுகிறேன். உன் முழங்கால் இப்போது மடங்குகிறதா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

போனில் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவாய், அதனால் எழுதுகிறேன். பயப்பட ஒன்றுமில்லை. விமானத்திலிருந்து தண்ணீர்மேல் லேசர் ஒளியைப் பாய்ச்சி, தண்ணீர் திரும்ப ஒளிர்கிற விதத்தை வைத்து அழுக்கைக் கண்டுபிடிப்பதுதானே என் வேலை? போன வாரம் அந்தக் கருவியைத் தரையில் வைத்துச் சோதித்தோம். நீ பாட்டிலில் கொடுத்துவிட்ட வீரபாண்டி அம்மன் கோயில் ஆற்றுத் தீர்த்தத்தையும் விளையாட்டாக அதன்முன் வைத்தேன். சாக்கடைத் தண்ணீர் ஒளிர்வதுபோலவே ஒளிர்ந்தது. பாட்டிலில் கிடந்து கெட்டிருக்கும் என்று கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

“ஆத்தா தண்ணியில அழுக்கு எங்கிட்டு இருந்துடி வரும்?” என்பாய். நம் வீட்டிலிருந்துதான் அம்மா. கக்கூஸ் கட்டியபோது குழாயை வாய்க்காலில் விடச் சொன்னவளே நான்தான். அந்த வாய்க்கால் ஆற்றில்தான் சேருகிறது. இப்போது கழிவுத் தொட்டி கட்டச் சொன்னால் அப்பா, “ஊரே அதுலதான் விடுறாக, நாம மட்டும் அடைச்சு என்னத்துக்கு ஆகும்?” என்கிறார். இங்கிருந்து நான் என்ன செய்வேன்?

சோதித்த தண்ணீரைக் கழிவு கேனில் ஊற்ற வேண்டும் என்பது இங்கே விதி. எனக்கு மனசு வரவில்லை. பாட்டிலை அறைக்குக் கொண்டுவந்து திருநீற்றுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். தினமும் கும்பிடுகிறேன், மூடியைத் திறப்பதில்லை.

சுண்டைவற்றல் தீர்ந்துவிட்டது, யாராவது வந்தால் கொடுத்துவிடு. சித்திரையில் தீச்சட்டி எடுக்கும் முன் வீட்டு போர் தண்ணீரிலேயே குளித்துவிடு. கேட்கமாட்டாய், ஆற்றில்தான் முங்குவாய்.

வேலைக்குப் போகிற பஸ் வந்துவிட்டது. முங்கும்போது வாயையாவது இறுக்க மூடிக்கொள் அம்மா.

முனீஸ்