இருபத்தாறு புத்தகம் எழுதிய ரைட்டரம்மா

கொட்டச்சேடு,
மார்ச் 9.

அன்பு மகள் ஈவ்லினுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் முழங்காலைத் தவிர. டப்ளின் குளிரில் நீயும் சுகமாயிருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். காப்பி பூக்க வைக்கும் பூமழை பெய்து ஒன்பது நாளாச்சு, எஸ்டேட் முழுக்கக் காப்பிப் பூ வெள்ளை வெளேரென்று கிடக்கிறது. மூன்று நாள் வாசம்தான், அதைக்கூட நின்று பார்க்க விடாமல் செய்தவள் நீதான் கண்ணு, கேள்.

மகளிர் தினத்துக்குச் சாதனைப் பெண் வேண்டும் என்று சேலத்துச் சங்கத்தார் கேட்டதற்கு, நீ அங்கிருந்தே ஃபாரத்தில் "எங்கம்மா ரைட்டர்" என்று எழுதிவிட்டாயாம். எஸ்டேட் ரைட்டர் என்றால் செக்ரோல் புத்தகத்தில் வேலைக்கு வந்த ஆள் பேர் எழுதுகிறவள் என்று மலைக்குக் கீழே இருப்பவர்களுக்கு எப்படித் தெரியும்? நேற்றுக் காலை மேனேஜர் வேலையை நிறுத்திவிட்டு, வேலைக்கு வந்திருந்த இருபத்து மூன்று பெண்களையும் காப்பி காயவைக்கும் களத்தில் உட்கார வைத்தார். மைக்கில் என்னை எழுத்தாளர் என்று சொல்லிப் பொன்னாடை போர்த்தினார்கள். எத்தனை புத்தகம் எழுதியிருக்கிறீர்கள் என்று சிறப்பு விருந்தினராக வந்த அம்மா கேட்க, வருஷத்துக்கு ஒன்று, இதுவரை இருபத்தாறு என்று உண்மையைத்தான் சொன்னேன். கைதட்டல் நிற்கவே இல்லை, மேனேஜர்தான் அதிகம் தட்டினார். பிறகு அந்த அம்மா வேலு நாச்சியாரிலிருந்து ஆரம்பித்து வரலாற்றுப் பெண்கள் ஒருவரையும் விடவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த நம் பழனியம்மாள் என் காதைக் கடித்தாள், "ஏனுங்க ரைட்டரம்மா, அந்த ராணியம்மாவுக்கு ஏறிப் போவக் குதிரையாச்சும் இருந்துச்சுங்க, நம்மளுக்குப் பஸ்ஸே வர மாட்டேங்குதுங்களே" என்று. பொன்னாடையை வாயில் வைத்துச் சிரிப்பை அடக்கினேன்.

கூட்டம் முடிந்ததும் அதே மேனேஜர் ஆபீசுக்கு வந்து, பேச்சுக் கேட்டதெல்லாம் வேலையாகாது, எல்லாருக்கும் அரை நாள் போடுங்கள் என்றார். செக்ரோல் நோட்டை எடுத்து வைத்தேன் கண்ணு. இருபத்தாறு வருஷத்தில் ஒரு பொய்க்குறி போட்டதில்லை. அரை மணி லேட்டாக வந்த அத்தாயிக்கு அரை நாள் போட்டதற்கு, ஒரு மாசம் அவள் என்னோடு பேசாமல் இருந்தாள். ஆனால் எழுத்தாளர்கள் கொஞ்சம் கற்பனையும் எழுதலாம்தானே? இருபத்து மூன்று பேருக்கும் முழு நாள் எழுதி, அடியில் கையெழுத்தும் போட்டேன்.

இன்று காலை நோட்டைப் பார்த்த மேனேஜருக்கு முகம் கறுத்துப் போனது. எழுத்தாளர் எழுதியதை யாரும் திருத்தக் கூடாதுங்க, நீங்களும்தானே கை தட்டினீர்கள் என்றேன். சனிக்கிழமை முதலாளி வருகிறார், நீங்கள் இங்கே இருப்பதா வேண்டாமா என்று அவர் சொல்லுவார் என்றுவிட்டுப் போனார். பயமாகத்தான் இருக்கிறது, பொய் சொல்லமாட்டேன். மதியச் சோற்றுக்கு அப்பாவே ரசம் வைத்தார். வேலை போனால், அடுத்த பூவையாவது நிதானமாகப் பார்த்துக்கொள்கிறேன்.

நைட் டூட்டி முடிந்ததும் வெறும் வயிற்றில் படுக்காதே சாமி. மாதா உன்னைக் காக்கட்டும். இனி எந்த ஃபாரத்திலும் என் பேரை எழுதாதே. யாராவது கேட்டால் மட்டும் சொல், எங்கம்மா புத்தகத்தில் இருபத்து மூன்று பெண்கள் இருக்கிறார்கள், ராணி ஒருத்தியும் இல்லை, ஒருத்திக்கும் அரை நாள் இல்லை என்று.

இப்படிக்கு,
உன் அம்மா லூர்துசெல்வி,
ரைட்டர், சனிக்கிழமை வரைக்கும்.