தபசுக்குக் கடை போடுவதாக இருந்தோம்

சங்கரன்கோவில்,
20-11-83

அன்புள்ள ஜெய்னபுக்கு,

கோமதித்தாய் எழுதுவது. நீ நலமா என்று கேட்டு ஆரம்பிக்கப் போனேன், பேனா ஓடவில்லை. அதனால் இங்கே நாங்கள் எல்லாரும் சுகம் என்பதை மட்டும் முதலில் எழுதிவிடுகிறேன்.

அன்றைக்கு அம்மாவோடு புளியங்குடிக்கு வந்தேனே, உனக்கு ஞாபகம் இருக்கிறதா? சவூதியிலிருந்து தந்தி வந்த மூன்றாம் நாள். உன் வீட்டுக்காரர் கட்டட வேலையில் மேலேயிருந்து விழுந்துவிட்டார், அங்கேயே அடக்கமும் பண்ணிவிட்டார்கள் என்று உன் வாப்பாதான் எங்கள் வீட்டில் வந்து சொன்னார். உன் மாமியார் வீட்டில் அந்த அறை நிறையப் பெண்கள். எல்லாரும் அழுகிறார்கள். நீ மட்டும் வெள்ளைச் சேலையில் சுவரோரம் உட்கார்ந்திருந்தாய். நான் கையைப் பிடித்தேன். நீ கையைக் கொடுத்துவிட்டு வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாய். பஸ்ஸில் திரும்பும்போது அம்மா, "அந்தப் புள்ள அழுதாத்தான் தேறும்" என்றாள்.

நாலு மாதம் பத்து நாள் நீ இத்தாவில் இருக்க வேண்டும், மார்ச் வரை வாசலைத் தாண்டுவதற்கில்லை என்று வாப்பா சொன்னார். அதனால்தான் கடிதம். வகுப்பில் உன் இடத்தில் யாரையும் உட்காரவிடவில்லை. நோட்டுப் புத்தகத்தைப் பரப்பி வைத்துக்கொள்கிறேன். ஆடிட்டிங் சார் இன்னும் வருகைப் பதிவில் உன் பெயரைக் கூப்பிட்டுவிட்டு, பிறகு நாக்கைக் கடித்துக்கொள்கிறார். பிரின்சிபாலைப் பார்த்துப் பேசினேன். மார்ச்சில் வந்துவிட்டால் வருகைக் குறைவை அவர் பார்த்துக்கொள்வாராம், பரீட்சை எழுதலாம்.

சாயங்காலம் நான் மட்டும் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகிறேன். அதே பெஞ்சு, அதே கடலைக்காரர். தென்காசி வண்டி வந்து நிற்கும்போது ஜன்னலோரம் இருக்கிறவர்களின் உடுப்பையெல்லாம் பார்த்து விலை சொல்லுவோமே, அதை ஒற்றையில் செய்தால் கிறுக்கு என்று நினைப்பார்கள். மனதுக்குள் சொல்லிக்கொள்கிறேன்.

நாம் போட இருக்கிற மேக்ஸிக் கடைக்கு ஒன்றும் ஆகவில்லை, கேட்டுக்கொள். உன் சாச்சி சவூதியிலிருந்து கொண்டுவந்த மேக்ஸியைத் தையல் தையலாகப் பிரித்து, பேப்பரில் அளவு வெட்டினோமே, அது பத்திரமாக இருக்கிறது. கட்டிங் உனக்கு, தையல் எனக்கு. வருகிற ஆடித் தபசுக்குக் கோயிலில் ஊர் உலகமே கூடும்போது ரத வீதியில் நம் கடை இருக்க வேண்டும். அப்பா பிடிவாதமாக இருக்கிறார். "ஜெய்னப் கூட இருந்தான்னா சரி. பொம்பளப்புள்ள ஒத்தையில கடை வைக்கதுக்கு நான் விடமாட்டேன்" என்கிறார். நீ இல்லையென்றால் பரீட்சை முடிந்ததும் குருவிகுளத்துப் பக்கம் அத்தை மகனுக்கு என்னைக் கட்டிக்கொடுப்பதாக ஏற்பாடு. நீ இப்போது இதைப் படிக்கிற நிலையில் இல்லை என்று தெரியும். ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

உன்,
கோமதி


786

புளியங்குடி,
8-12-83

கோமதிக்கு,

கடிதம் கிடைத்தது. மாமி பிரிக்காமலே கொண்டுவந்து கொடுத்தார்கள்.

நன்றாக இருக்கிறேன். தொழுகிறேன், சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். தூக்கம் நன்றாக வருகிறது. அதுவே இங்கே பேச்சாக இருக்கிறது.

நான் அழவில்லை. உன் அம்மா மட்டும் இல்லை, எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். பெருநாள் கழித்து அவர் விமானம் ஏறினார். அதற்கு முந்தி நாங்கள் சேர்ந்து இருந்தது கல்யாண விருந்தும் நோன்புமாகப் போய்விட்டது. அவர் குரல் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன், சரியாக வரவில்லை. நல்ல மனுஷர். தயிர் பிடிக்காது. பஸ்ஸில் எனக்கு ஜன்னல் பக்கம் இடம் விடுவார். இவ்வளவுதான் தெரியும்.

மாமிக்கு ஒரே மகன். கடைசியாக முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. தினமும் மாமி எதிரில் வந்து உட்கார்ந்து என்னைப் பார்த்துவிட்டு எழுந்து போகிறார்கள். எதைத் தேடுகிறார்கள் என்று தெரிகிறது. என்னிடம் அது இல்லை.

கடையைப் பற்றி எழுதியிருந்தாய். சந்தோஷமும் வரவில்லை, வெறுப்பும் வரவில்லை. கோபித்துக்கொள்ளாதே. ஸ்டேஷனைப் பற்றி எழுதியது நன்றாக இருந்தது, அதை எழுது. நேரில் வர வேண்டாம். ஆள் வந்தால் அதற்கு ஒரு முகம் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஜெய்னப்


சங்கரன்கோவில்,
19-1-84

அன்புள்ள ஜெய்னப்,

பொங்கல் முடிந்தது. மஞ்சள் குலையை வாடவிட்டதற்கு அம்மாவிடம் வசவு வாங்கினேன். மற்றபடி சுகம்.

ஏட்டி, ஒரு கூத்தைக் கேள். நீ வரும்வரை சும்மா இருப்பானேன் என்று நானே மூன்று மேக்ஸி வெட்டித் தைத்துவிட்டேன். தறிக்காரர் வீட்டில் மிச்சத் துணி மலிவாகக் கிடைத்தது. நீலமும் பச்சையுமாகக் கட்டம், நல்ல அழுத்தமான துணி. தைத்து முடித்து, அலசி, கொடியில் காயப்போட்டேன். அப்பா குளித்துவிட்டு வந்தவர் கொடியிலிருந்து ஒன்றை உருவித் தலைவழியாகப் போட்டு இடுப்புக்கு இறக்கப் பார்க்கிறார். இறங்கவில்லை. கை வேறு எங்கோ போய் மாட்டிக்கொண்டது. "எவடே என் சாரத்துக்குக் கை தச்சது?" என்று உள்ளேயிருந்து சத்தம். நான் வாங்கினது அத்தனையும் ஆண்கள் உடுத்துகிற சாரத் துணி! எனக்கு அது தெரியவே இல்லை, பார். இந்த ஊரில் பிறந்து, தறிச் சத்தத்தில் வளர்ந்து, எனக்குத் தெரியவில்லை. பக்கத்து வீட்டு முத்துத்தாய் அக்கா, "தபசுக்கு ஆம்பளையளும் உங்க கடைக்கு வரலாம்" என்று சொல்லிப் போனாள். ஒன்றை மட்டும் ஒரு பிள்ளைத்தாச்சி வாங்கிக்கொண்டாள், வயிற்றுக்குத் தாராளமாக இருக்கிறதாம்.

அப்பா சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும், உன்னிடம் நேரில் சொல்ல முடியவில்லையே என்று இருந்தது. நீ வெட்டியிருந்தால் துணியைத் தொட்டதுமே சொல்லியிருப்பாய்.

பிறகு அப்பா நிதானமாகத்தான் பேசினார். ஜெய்னப் மார்ச்சில் வந்தாளானால் தபசுவரை பேச்சே எடுக்க மாட்டேன், வரவில்லையென்றால் பங்குனியில் பரிசம் என்றார். அத்தை மகன் தங்கசாமி பொங்கலுக்குக் கடலை மூட்டையோடு வந்திருந்தார். கெட்டவர் இல்லை. இருந்த நேரமெல்லாம் ஆட்டுக் கிடையைப் பற்றியே பேசினார். எந்த ஆடு யாரை முட்டியது என்பதுவரை எனக்கு இப்போது தெரியும். ஜெய்னப், எனக்கு அங்கே போக வேண்டாம். இதை உன்னிடம்தான் சொல்ல முடியும்.

ஸ்டேஷன் பெஞ்சுக்குப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். தெரியாமல் உட்கார்ந்து தாவணி பாழ்.

உன்,
கோமதி


786

புளியங்குடி,
11-2-84

கோமதிக்கு,

சாரக் கதையைப் படித்தேன். சிரிப்பு வரும் என்று இருந்தேன், வரவில்லை. மாமிக்குப் படித்துக் காட்டினேன். மாமி சிரித்துவிட்டார்கள். மகன் போன பிறகு இதுதான் முதல் தடவை. உடனே முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அந்தப்பக்கம் போய்விட்டார்கள்.

கட்டத் துணி வேண்டாம். எடுத்தாலும் முன் துண்டையும் பின் துண்டையும் கோடு சேர்த்து வெட்ட வேண்டும், துணி நிறைய வீணாகும். சின்னப் பூப் போட்டது எடு. கழுத்தைப் பேப்பர் அளவுக்கே வெட்டாதே, தையலுக்கு விட்டு உள்ளே தள்ளி வெட்டு. அங்கேதான் உனக்குத் தவறியிருக்கும்.

இதை எழுதும்போது கை தானாக ஓடியது.

மார்ச் எட்டாம் தேதி இத்தா முடிகிறது. வாப்பா என்னை அழைத்துப் போக வருகிறார். பன்னிரண்டாம் தேதி திங்கட்கிழமை காலேஜுக்கு வந்துவிடுவேன் என்று வைத்துக்கொள்.

ஜெய்னப்


சங்கரன்கோவில்,
14-3-84

ஜெய்னப்,

திங்கட்கிழமை முதல் மணி அடிக்கும்வரை காலேஜ் வாசலிலேயே நின்றேன். செவ்வாய்க்கிழமையும் நின்றேன். இன்றைக்கு உங்கள் வீட்டுக்குப் போனேன். நீ வரவில்லை என்று வாப்பா சொன்னார். ஏன் என்று அவருக்கும் தெரியவில்லை. கார் பேசிக் கொண்டுபோனவர் வெறும் காரில் திரும்பியிருக்கிறார். என்னிடம் சொல்லும்போது அந்த மனுஷர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

உடம்புக்கு ஏதும் என்றால் எழுது, ஓடி வருகிறேன். உடம்புக்கு ஒன்றும் இல்லையென்றால் நான் உன்மேல் கோபமாக இருக்கிறேன். பூப் போட்ட துணி எடுத்து வைத்திருக்கிறேன். அப்பா ஒவ்வொரு நாளும் ஆபீசிலிருந்து வந்ததும், "வந்தாளா?" என்று கேட்கிறார். ஊருக்குப் போயிருக்கிறாள், நாளைக்கு வருவாள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்கு மேல் சொல்ல முடியாது.

கோமதி


786

புளியங்குடி,
22-3-84

கோமதிக்கு,

வெள்ளிக்கிழமைக்குள் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை.

இத்தா முடிந்த அன்று குளித்து, பச்சைச் சேலை உடுத்தினேன். சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். என் பெட்டியை மாமிதான் அடுக்கினார்கள். வாசலில் கார் நின்றது. மாமி நிலையைப் பிடித்துக்கொண்டு, "போயிட்டு வா" என்றார்கள். நான் செருப்பைப் போட்டேன். பிறகு கழற்றிவிட்டேன்.

அவருக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் நான் விடவில்லை, கோமதி. அந்த வீட்டில் அவருக்கென்று அழ மாமியை விட்டால் நான்தான். அதையும் செய்யாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடை போடக் கிளம்பினால் அந்த அம்மா யாரிடம் போய்ச் சொல்லுவார்கள்? யாரும் என்னை இரு என்று சொல்லவில்லை. எனக்கே போக வரவில்லை. பாசம் என்றும் சொல்ல முடியாது. உள்ளே ஒன்றுமே இல்லை, மரத்துப்போய் இருக்கிறது.

நான் வரமாட்டேன் என்று அப்பாவிடம் சொல்லிவிடு. வேறு யாரையாவது சேர்த்துக்கொண்டு கடையைப் போடு.

ஜெய்னப்


சங்கரன்கோவில்,
18-4-84

ஜெய்னபுக்கு,

நலம். பரீட்சை நடக்கிறது. இரண்டு பேப்பர் முடிந்தது. ஆடிட்டிங் சுமார்.

பரிசம் போட்டாயிற்று. வைகாசியில் கல்யாணம், நோன்புக்கு முந்தி. உனக்கும் வசதியாக இருக்கும் என்று அம்மா பார்த்து வைத்தாள்.

தங்கசாமி வந்திருந்தார். தையல் மிஷினைக் கொண்டுவரலாமா என்று அம்மா அவரிடம் கேட்டாள். "தாராளமா கொண்டாரட்டும். கிழிஞ்ச சாக்கு நெறைய கெடக்கு, தச்சிக்கிடலாம்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். நான் தலையை ஆட்டினேன்.

ஸ்டேஷனுக்குப் போகிறதில்லை. போகக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை, போகத் தோன்றவில்லை. உன்மேல் கோபம் இருந்தது, இப்போது அதுவும் இல்லை. சந்தோஷமும் வரவில்லை, வெறுப்பும் வரவில்லை என்று நீ எழுதியிருந்தாயே, அப்போது எனக்கு அது விளங்கவில்லை.

பதில் எழுத வேண்டும் என்றில்லை.

கோமதித்தாய்


786

புளியங்குடி,
6-5-84

என் அன்புக் கோமதிக்கு,

உன் கடிதம் மத்தியானம் வந்தது. மாமி அடுப்படியில் இருந்தார்கள். நான் உட்கார்ந்து படித்தேன். சாக்குத் தைக்கிற இடம் வந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. முதலில் அழுகை என்றே தெரியவில்லை, மூச்சு முட்டுகிறது என்று எழுந்தேன். அப்படியே தரையில் விழுந்து சத்தம் போட்டு அழுதேன், கோமதி. நீ வாசலில் நின்றதும், வருவாள் வருவாள் என்று அப்பாவிடம் சொன்னதும், எல்லாம் வந்தது. நிறுத்த முடியவில்லை. உன்னை நான்தான் அங்கே அனுப்புகிறேன்.

மாமி ஓடிவந்து என் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்கள். அவர்களும் அழுதார்கள். மகன் பேரைச் சொல்லிச் சொல்லி அழுதார்கள். வெகுநேரம் கழித்து என் முகத்தைத் துடைத்துவிட்டு, "இதுக்குத்தான் மக்கா காத்துக் கெடந்தேன். எம்பிள்ளைக்கு நீ அழுதிட்ட. இனி நீ இங்கன அடஞ்சு கெடக்க வேண்டாம். வாப்பா வீட்டுக்குப் போயி படிச்சு முடி" என்றார்கள். அன்றைக்குத்தான் மாமி வயிறாரச் சாப்பிட்டார்கள்.

ஜூனில் காலேஜ் திறக்கும்போது திரும்ப மூன்றாம் வருஷத்தில் சேர்கிறேன். வாப்பா பிரின்சிபாலைப் பார்த்துவிட்டார். நீ இருக்கமாட்டாய்.

யாருக்காக அழுதேன் என்று மாமியிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். உனக்கு மட்டும் எழுதுகிறேன். வைகாசியில் உன் கல்யாணத்துக்கு என்னோடு மாமியும் வருகிறார்களாம்.

உன்,
ஜெய்னப்