ஒன்றும் ஆகாத இருபத்திரண்டு வருஷம்

செப்டம்பர் 9, செவ்வாய்
தீபாவளிப் பட்டாசு ஆர்டர் கழுத்தைப் பிடிக்கிறது. மீந்த வெடிமருந்தை அன்றன்றே அழிக்க வேண்டும் என்பது விதி. ஈரம் பட்டால் தானே சூடேறும். இருந்தாலும் மருந்து ரூமிலேயே மூடி வைக்கச் சொன்னேன். இது மூன்றாவது தடவை, ஒன்றும் ஆகவில்லை. இருபத்திரண்டு வருஷ போர்மேனுக்குத் தெரியாதா?

செப்டம்பர் 11
வெடிக்குள் மருந்து செலுத்தும் குருவம்மாள், வாடை சரியில்லை என்று எல்லோரையும் வெளியே கூட்டி வந்துவிட்டாள். பார்த்தால் ஒன்றுமில்லை. அரைநாள் வேலை போச்சு. "மூக்கா அது, மோப்பநாயா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், அவளைத் தவிர.

செப்டம்பர் 16
சாயங்காலம் பிடித்த தூறல் விடவில்லை. மீந்த மருந்து உள்ளேதான். ஒன்றும் ஆகாது.

செப்டம்பர் 17
இன்றே எழுதிவிட வேண்டும்.

காலையில் குருவம்மாளும் மூன்று பெண்களும் ரூமுக்குள் போகாமல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்கள். "தரையெல்லாம் ஈரமாக் கெடக்கு, அண்ணாச்சி."

"போன வாரமும் இப்படித்தான சொன்ன? இம்புட்டு வருசத்துல ஒண்ணும் ஆகலையே தாயி."

"ஆனவுக வந்து சொல்லவா போறாக?"

கோபம் வந்தது. வேறு ஆள் கூப்பிட நடந்தேன். இருபதடி போயிருப்பேன் — சத்தம். திரும்பினால் கூரையைக் காணோம். உள்ளே யாரும் இல்லை.

நாலு உசுரு. எம்புட்டுத் திமிரு எனக்கு! மாரியாத்தா, அந்தப் பொம்பள வாய்க்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்?

செப்டம்பர் 18
முதலாளி முத்துக்கிருஷ்ணன் தோளைத் தட்டினார். "ஆள் சேதமில்ல. எல்லாம் உம்ம ராசி, பாண்டிராஜ். இருக்கன்குடி மாரியாத்தா கோயிலுக்குப் போயிட்டு வாரும்." நானும் சரி என்று தலையாட்டினேன். கேட்க இனித்தது. அதுதான் கேவலம்.

செப்டம்பர் 19
எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். மருந்தை வைத்தது நான், ஆளைக் காத்தது குருவம்மாள். விசாரிக்க வந்த அதிகாரியிடமும் எழுதிக் கொடுத்தேன். போர்மேன் வேலை போனது. இரண்டு நாளைக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

நவம்பர் 12, புதன்
விபத்தால் மூடியிருந்த கம்பெனி திறந்து ஒரு வாரம். பேக்கிங் ரூமில் டப்பா மடிக்கிறேன். அதுவே பெரிது.

பத்து மணிக்குக் குருவம்மாள் குரல் கொடுத்தாள். "எல்லாரும் வெளிய வாங்க, வாடை அடிக்கி."

சோதித்துப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை. மறுபடி அரைநாள் போச்சு.

அவள் தயங்கி என் பக்கம் பார்த்தாள். நான் அவளுக்கு முன்னாலேயே வேப்பமரத்தடிக்கு வந்து உட்கார்ந்திருந்தேன்.