மூன்றாவது வரி

திருச்செங்கோடு
ஜூன் 3

அன்பு மகள் பிரவீனாவுக்கு அப்பா எழுதிக்கொண்டது. நானும் அம்மாவும் தமிழரசும் நல்லபடியாக இருக்கிறோம். மலைமேல் இருக்கிறவர் புண்ணியத்தில் அங்கே உனக்கும் உடம்புக்கும் மனதுக்கும் ஒரு குறையும் இருக்கக் கூடாது. வாரத்துக்கு நாலு தடவை போனில் முகம் பார்த்துப் பேசுகிற காலத்தில் அப்பாவுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் என்றால் அம்மா பக்கத்தில் இருப்பாள், தமிழரசு நடுவில் தலையை நீட்டுவான், நான் ஆரம்பித்ததை முடித்ததாகச் சரித்திரம் இல்லை. அதனால் கடையிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மா அரைத்த சாம்பார்த்தூளும் எள்ளுருண்டையும் கூரியரில் வருகிறது, அதற்குள் இதையும் வைக்கப்போகிறேன். முதலில் ஓர் உருண்டையைத் தின்றுவிட்டு அப்புறம் படி, வெறும் வயிற்றில் படிக்காதே.

இங்கே கத்திரி முடிந்தும் வெயில் அடங்கவில்லை. அங்கம்மாள் அத்தை பண்ணையில் சூடு தாங்காமல் கோழிகள் சுருண்டுவிட்டன, பகல் முழுக்கக் கூரைமேல் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு இருக்கிறாள், போனை எடுத்தால் கோழிச் சத்தம்தான் கேட்கிறது. மேட்டூரில் தண்ணீர் ஏற ஆரம்பித்துவிட்டது என்கிறார்கள். மழைக்கு முன்னால், போர்வெல் போடப் போன ரிக் வண்டிகள் எல்லாம் ஊருக்குத் திரும்பி வருவதால் கடையில் ஓஸ் மாற்றவும் வால்வு மாற்றவும் கூட்டம்தான், எனக்கு முட்டி வலி பரவாயில்லை, நீ அனுப்பிய தைலத்தை அம்மாதான் தன் முதுகுக்குத் தேய்த்துத் தீர்த்தாள். தமிழரசு பத்தாவதில் நானூற்று எழுபத்தொன்று வாங்கியது உனக்குத் தெரியும். பதினொன்றாம் வகுப்பில் எந்த மொழிப்பாடம் என்று பதினாறாம் தேதிக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். தாள் என் மேசை இழுப்பறையில் இன்னும் எழுதாமல் கிடக்கிறது. நான் எழுத வந்த விசயமும் அதுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்து பேசினோமே, அப்போது நீ அவனிடம் பிரெஞ்சு எடுத்துக்கொள், மனப்பாடம் பண்ணினால் மார்க் வந்துவிடும், மிச்ச நேரத்தைக் கணக்குக்கும் பிசிக்சுக்கும் கொடு, பழைய பாட்டெல்லாம் பிற்பாடு வேண்டுமென்றால் மொழிபெயர்ப்பில் படித்துக்கொள்ளலாம் என்று சொன்னாய். அவனுக்கு அக்கா சொன்னால் சட்டம். தமிழரசு என்று பேர் வைத்துவிட்டு அவனை பிரெஞ்சுக்கு அனுப்புகிற கூத்து நம் வீட்டில்தான் நடக்கும். நீ சொன்னதில் தப்பும் இல்லை, இதே வார்த்தையைத்தான் பன்னிரண்டு வருசத்துக்கு முன்னால் உன்னைச் சேர்த்த ஆஸ்டல் பள்ளிக்கூடத்தில் எனக்குச் சொன்னார்கள், நான் அப்படியே உனக்குச் சொன்னேன். நீ பிரெஞ்சில் இருநூற்றுக்கு நூற்றுத் தொண்ணூற்றெட்டு வாங்கினாய். அப்புறம் பிரெஞ்சு பேசுகிற ஊருக்கே வேலைக்குப் போய் இறங்கிய முதல் வாரம், ரொட்டிக் கடைக்காரம்மா கேட்ட ஒரு கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாமல், பாடப்புத்தகத்தில் இருந்த கட்டுரையில் இருந்து இரண்டு வரியை ஒப்பித்துவிட்டு ரொட்டி வாங்காமல் திரும்பி வந்தேன் என்று நீயே சொல்லிச் சிரித்தாய். அம்மா அன்றைக்குச் சிரிக்கவில்லை, பிள்ளை பட்டினியாக இருந்திருக்கிறாளே என்றுதான் அவளுக்கு.

இந்தப் பொங்கலுக்கு நீ போனில் சொன்னது உனக்கு நினைவிருக்கும். பழைய புத்தகக் கடையில் நம் பழந்தமிழ்ப் பாட்டுகளை பிரெஞ்சில் போட்ட ஒரு புத்தகம் கிடைத்தது என்றும், அதில் ஒரு பாட்டு ரொம்பப் பிடித்துவிட்டது என்றும் எங்களுக்கு அர்த்தம் சொன்னாய். என் மகள் போய்விட்டாள் என்று ஒரு தாய் ஆரம்பிக்கிறாள், அப்புறம் வாசலில் கத்துகிற ஆட்டுக்குட்டி, மொண்டு வைத்த தண்ணீர்க்குடம், மகள் மெல்ல அடி வைத்து நடப்பது, இப்படிப் போகிறது. எனக்கு நன்றாக இருக்கிறது என்பதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை. அம்மாதான் மாவுக் கையோடு வந்து நின்று, அந்தப் பாட்டு அப்படி ஆரம்பிக்காதே சாமி என்றாள். அடுத்த நிமிசம் முதல் இரண்டு வரியைத் தடங்கல் இல்லாமல் சொன்னாள். ராசிபுரத்தில் பிளஸ் டூ படித்தபோது படித்ததாம். முப்பது வருசம் அவளோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன், இவளுக்குள் இப்படி ஒன்று இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. மூன்றாவது வரியில் நின்றுவிட்டாள். அதற்கப்புறம் பத்துப் பதினைந்து நாள் தோசை ஊற்றும்போதும் துணி காயப்போடும்போதும் வாய் முணுமுணுக்கும், இரண்டு வரி வரும், மூன்றாவதில் நிற்கும். எனக்குப் பாவமாக இருந்தது.

அதைத் தேடிக் கண்டுபிடித்துக் கொடுத்து அவளை அசத்த வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை வந்துவிட்டது. இங்கே நூலகத்தில் உஷாராணி என்று ஒரு பெண் இருக்கிறது, உன் வயதுதான் இருக்கும். ஆட்டுக்குட்டி வருகிற பாட்டு வேண்டும் என்று கேட்டேன், அது என்னை ஏற இறங்கப் பார்த்தது. ஒரே தடவையில் கிடைக்கவில்லை, மூன்று மாதமாகச் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை போய் ஒவ்வொரு புத்தகமாகப் புரட்டி, போன மாதம்தான் ஒரு தடிப் புத்தகத்தில் கிடைத்தது. பதினோரு வரி. கடைக்கு எடுத்து வந்து படித்தால் மூன்றில் ஒரு வார்த்தை புரியவில்லை. கீழே உரை போட்டிருந்தார்கள், அதைப் படித்தால் உடனே புரிந்துவிட்டது, புரிந்த கையோடு மறந்தும் விட்டது. அப்புறம் ஒரு யோசனை செய்தேன். பில் புத்தகத்தை வைத்து உரையை மூடிவிட்டு, பாட்டை மட்டும் வாய்விட்டு மெதுவாகத் திரும்பத் திரும்பப் படித்தேன். பக்கத்துப் பட்டறை வேலுமணி வந்து எட்டிப் பார்த்து, ஏனுங்கண்ணா, முட்டி வலிக்கு மந்திரமுங்களா என்று கேட்டுவிட்டுப் போனான். நாலாவது நாள் அந்தத் தாய் எனக்குத் தெரிய ஆரம்பித்தாள்.

பிரவீனா, உன் பிரெஞ்சுப் புத்தகத்தில் அவள் எடுத்த எடுப்பில் மகள் போய்விட்டாள் என்று சொல்லிவிடுகிறாள். இங்கே அவள் சொல்லவே மாட்டேன் என்கிறாள். ஆட்டுக்குட்டி கத்துகிறது என்கிறாள், குடம் மொண்டபடியே இருக்கிறது என்கிறாள், வீட்டுச் சாமானை ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுப் பேசுகிறாள், நாமும் இவளுக்கு என்ன ஆயிற்று என்று கூடவே போகிறோம். பதினோராவது வரியின் கடைசி வார்த்தையில்தான் மகள் போனாள் என்று வருகிறது. அதற்கு மேல் பாட்டு இல்லை. கடையில் ஆள் இருக்கும்போதே எனக்குக் கண் கலங்கிவிட்டது. நீ விமானம் ஏறிய அன்றைக்கு வீட்டுக்கு வந்து உன் அம்மாவும் இப்படித்தான் பிள்ளையின் செருப்பு வெளியிலேயே கிடக்கிறது, துண்டு ஈரமாகவே இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள், நீ போனதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. உன் பிரெஞ்சுப் பாட்டில் யாரோ ஒரு தாய் இருந்தாள். இதில் உன் அம்மாவே இருந்தாள். இதை எனக்கு யாரும் அர்த்தம் சொல்லிப் புரியவைத்திருக்க முடியாது.

முப்பது வருசம் ரிக் வண்டியோடு மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று சுற்றினேன். போர் போட்டு முடித்ததும் எத்தனை அடியில் ஈரம், எத்தனை அடியில் தண்ணீர் என்று சீட்டு எழுதிக் கொடுப்போம். தோட்டக்காரன் எவனும் சீட்டைப் பார்த்துச் சந்தோசப்பட்டு நான் பார்த்ததில்லை, குழாயில் கையை ஏந்தி ஒரு வாய் குடித்த பிறகுதான் முகம் மலரும். உரையும் மொழிபெயர்ப்பும் அந்தச் சீட்டுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை, அது இல்லாவிட்டால் உனக்கு அந்தப் பாட்டே கிடைத்திருக்காது. ஆனால் நீயே போன தீபாவளிக்குச் சொன்னாய், காலேஜில் இங்கிலீசில் படித்துச் சலித்துப் போட்ட ஒரு பழைய பிரெஞ்சு நாவலை இப்போது பிரெஞ்சிலேயே படித்து, டிராமில் அழுது, இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டேன் என்று. அந்தக் கதையைத் தம்பிக்கு ஏன் சொல்லவில்லை? அவர்கள் ஊர்ப் புத்தகத்துக்கு அப்படி அழ முடிந்த பிள்ளை, நம் ஊர்ப் பாட்டுக்கு மட்டும் மொழிபெயர்ப்பு போதும் என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. பிற்பாடு படிக்கலாம் என்பதும் அனுபவத்தில் சொல்கிறேன், நடக்காத காரியம். அம்மா பதினேழு வயதில் படித்த இரண்டு வரி முப்பத்தைந்து வருசம் கழித்தும் மாவுக் கையோடு வந்து நிற்கிறது. நான் ஐம்பத்தெட்டு வயதில் படித்ததைச் சாயங்காலத்துக்குள் தவற விடுகிறேன், நாக்கு மடங்க மாட்டேன் என்கிறது. சின்ன வயதில் ஒட்டியதுதான் ஒட்டும்.

இனிமேல் எழுதப் போவதைத்தான் ஞாயிற்றுக்கிழமையில் இருந்து எழுத முடியாமல் கிடக்கிறேன். அன்றைக்கு அம்மா தயங்கித் தயங்கி, அவனாவது தமிழ் படிக்கட்டுமே சாமி என்று உன்னிடம் சொன்னாள். நீ சட்டென்று, எனக்கு மட்டும் பிரெஞ்சு எடுக்கச் சொன்னீங்கல்லம்மா என்றாய். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள், உள்ளே போய்க் கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவினாள். பன்னிரண்டு வருசமாக அவளுக்குத் தெரியாத ஒன்று அந்த நிமிசம் தெரிந்துவிட்டது.

நீ பத்தாவது படிக்கும்போது பாட்டு ஒப்பிக்கும் போட்டியில் டிபன் கேரியர் பரிசு வாங்கி வந்தாயே, இன்றைக்கும் அதில்தான் கடைக்குச் சோறு வருகிறது. ஆஸ்டலில் சேர்க்கக் கிளம்பிய அன்றைக்கு வீட்டிலேயே எனக்குத் தமிழ்தான் வேண்டும் என்று அழுதாய். கடைசியில் அம்மாகிட்டக் கேளுங்கப்பா, அம்மா சொன்னால் பிரெஞ்சு எடுக்கிறேன் என்றாய். நான் சமையலறைக்குள் போனேன். உன் அம்மா என்ன சொன்னாள் தெரியுமா? "புள்ளைக்கு அதுலதானுங்க உசுரு. தமிழையே எடுக்கட்டுமுங்க" என்றாள். நான் வெளியில் வந்து, அம்மாவும் பிரெஞ்சுதான் நல்லது என்கிறாள் என்று உன்னிடம் சொன்னேன். நீ சமையலறைக் கதவை ஒரு தடவை பார்த்தாய், கண்ணைத் துடைத்துக்கொண்டு பெட்டியை எடுத்தாய். உன் நல்லதுக்குத்தானே என்று அப்போது நினைத்தேன். அதற்கப்புறம் நீ அம்மாவுக்குப் பாட்டு ஒப்பித்துக் காட்டவே இல்லை. லீவில் வந்தாலும் என்னோடுதான் பேசுவாய். அதில் எனக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது, நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஞாயிறு சாயங்காலம் அம்மா ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டாள். "எம்பேரச் சொல்லீட்டீங்களாக்கும்" என்றாள். சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அன்றையில் இருந்து வேளாவேளைக்குச் சோறு வருகிறது, பேச்சு அளவாக வருகிறது. உன்னிடம் உண்மையைச் சொல்லச் சொல்லி அவள் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டாள், உன் முன்னால் என்னைக் குறைத்துக் காட்ட அவளுக்கு மனது வராது. அதனால் நானே எழுதுகிறேன். அம்மா உன்னை பிரெஞ்சு எடுக்கச் சொல்லவில்லை சாமி. அவள் உன் பக்கம்தான் இருந்தாள். பொய் சொன்னது நான். என்னை மன்னித்துவிடு என்று கேட்கிறேன், உனக்கு எப்போது முடிகிறதோ அப்போது மன்னித்தால் போதும்.

தமிழரசு எதை எடுப்பது என்று இந்தத் தடவை நான் முடிவு செய்யப் போவதில்லை, அவனே எழுதட்டும். நீ மட்டும் பதினாறாம் தேதிக்குள் அவனோடு ஒரு தடவை பேசு, மார்க்கைப் பற்றிச் சொன்ன மாதிரியே ரொட்டிக் கடையையும் டிராமையும் சொல்லிவிடு. அப்புறம் அவன் பாடு. வேளைக்குச் சாப்பிடு, குளிர் வந்தால் காதை மூடிக்கொண்டு போ. அர்த்தநாரீசுவரர் துணையால் நீ நினைத்ததெல்லாம் கைகூடி, நோய் நொடி இல்லாமல் நிறைந்த ஆயுசோடு இருக்க வேண்டும் என்று அப்பா ஆசீர்வாதம் பண்ணுகிறேன்.

முக்கியமானதை மறந்துவிடாதே. இதோடு தனித்தாளில் பதினோரு வரியையும் என் கையால் எழுதி வைத்திருக்கிறேன், உரை எழுதவில்லை. மூன்றாவது வரி கிடைத்துவிட்டது என்று அம்மாவிடம் நான் சொல்லவில்லை, முழுசாக மனப்பாடம் ஆகட்டும் என்று இருந்தேன், அதைச் சொல்கிற யோக்கியதை எனக்கு இப்போது இல்லை. நீ போன் பண்ணு. என்னைக் கூப்பிடாதே, அம்மாவைக் கூப்பிடு. முதல் இரண்டு வரியை அவள் சொல்லட்டும், மூன்றாவதை நீ சொல். மகள் வாசல் மணலில் பையப் பைய நடந்தாலே பாதம் சிவந்துபோகும் என்கிற வரி அது, ஆரம்பிப்பதே "பைய" என்றுதான். அவளுக்கு மறந்துபோனது அந்த ஒரு வார்த்தைதான். ஒவ்வொரு தடவையும் நீ கிளம்பும்போது கேட்டைப் பிடித்துக்கொண்டு "பையப் போ சாமி" என்று சொல்கிறாளே, அதே வார்த்தை.

இப்படிக்கு,
உன் அப்பா
தங்கசாமி