அடுத்தவர் காரில் ஏறிய அப்பா

உக்குவளை,
ஞாயிறு காலை.

அன்பு மகள் சாம்பவிக்கு,

நானும் அம்மாவும் சுகம். நீயும் மருமகன் ரஜீவனும் அந்த ஊர்க் குளிரில் நோய் நொடி இல்லாமல் இருக்க முத்துமாரியம்மன் துணை நிற்கட்டும். இங்கே இரண்டு கிழமையாகப் பின்னேரம் தவறாமல் மழை. வாகினி சித்தியின் மகனுக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது, சித்திக்குக் கால் தரையில் படவில்லை, நீ ஒரு வார்த்தை பேசினால் சந்தோஷப்படுவாள். போன புதன்கிழமை நீ வீடியோவில் கூப்பிட்டபோது அப்பா ஏன் முகத்தைக் காட்டாமல் பேசுறீங்க என்று கேட்டாய், தடிமன், மூக்கு அடைத்திருக்கிறது என்று சொன்னேன். அது பொய் மகள். இடது கன்னம் வீங்கியிருந்தது. உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். தபாலில் போட்டால் மூன்று கிழமை ஆகும், எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உன் போனுக்கு அனுப்புவேன். முழுவதையும் படித்த பிறகு கூப்பிடு, பாதியில் கூப்பிட்டு அம்மாவை அழ வைக்காதே.

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை இருக்கும். அம்மாவும் நானும் மாத்தளை டவுனுக்குப் போயிருந்தோம். அம்மாவின் பிரஷர் மருந்தை நான் வாங்கிக்கொண்டு வர, அம்மா பேங்க் வாசலில் நின்றாள். வெயில் கொளுத்தியது, நீங்க போய்க் காரைக் கொண்டு வாங்க, நான் இங்கேயே நிக்கிறேன் என்றாள். பாமசிக்குப் பின்னால் இருக்கிற வெறும் வளவில்தான் எல்லாரும் வாகனத்தை நிறுத்துவார்கள், உனக்கும் தெரியும். போனேன். நம்முடைய அதே வகை வெள்ளைச் சின்னக் கார் ஒன்று வரிசையில் நின்றது. நம் சாவியில் இருக்கிற பொத்தான் வேலை செய்யாமல் ஒரு வருஷம் ஆகிறது, பேட்டரி மாற்றாமல் சோம்பேறித்தனமாக விட்டுவிட்டேன், கதவை எப்போதும் கையாலேதான் திறப்பேன். சாவியைப் போட்டேன். கொஞ்சம் இறுக்கமாக இருந்தது, ஒரு அசைப்பு அசைத்தேன், திறந்தது. ஏறி உட்கார்ந்தேன். முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. முதல் நாள்தான் கார் சேர்விஸுக்குப் போய் வந்தது, கராஜில் யாரோ சீட்டை முன்னுக்குத் தள்ளிவிட்டார்கள் என்று நினைத்தேனே தவிர வேறு எதுவும் நினைக்கவில்லை. மருந்துப் பையைப் பக்கத்துச் சீட்டில் வைத்தேன். எதன் மேல் வைத்தேன் தெரியுமா, சின்னப் பிள்ளையின் ரோஸ் நிறச் செருப்புச் சோடியின் மேல். அது என் கண்ணில் படவே இல்லை.

சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. முன்னால் சிவப்பு லைட் ஒன்று மின்னி மின்னி அணைந்தது. திரும்பவும் போட்டேன், திரும்பவும் அதேதான். ஏழெட்டுத் தடவை போட்டிருப்பேன். நேற்றுத்தான் சேர்விஸ் பண்ணின கார், என்ன செய்து வைத்திருக்கிறார்கள் என்று எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. அம்மா வெயிலில் நிற்கிறாள் என்ற அவசரம் வேறு. ஆட்டோ ஸ்டாண்டில் நின்ற இரண்டு பேரைக் கூப்பிட்டு, தம்பி ஒருக்காத் தள்ளி விடுங்க, கியரில் போட்டு எடுத்துப் பார்க்கிறேன் என்றேன். நல்ல பிள்ளைகள், கேட்டவுடனே வந்தார்கள். ஐயா, ரெண்டாவது கியர்ல வெச்சு விடுங்க என்று சொல்லிக்கொண்டே பின்னாலிருந்து தள்ளினார்கள். அந்த வளவு ரோட்டுப் பக்கமாகச் சரிவு. கார் உருண்டது, கிளச்சை விட்டேன், குலுங்கிக் குலுங்கிப் போனது, பிடிக்கவில்லை. பத்து யார் தூரம் போயிருக்கும். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. எண்ட புள்ள உள்ளுக்கு, எண்ட புள்ள உள்ளுக்கு என்று ஒரு பெண் கத்திக்கொண்டு ஓடி வந்தாள். என்னைப் பார்த்துத்தான் கத்துகிறாள் என்று எனக்கு விளங்கவே இல்லை. யாரோ ஒருவரின் பிள்ளைக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்து, உதவலாம் என்று பிரேக்கைப் போட்டேன். பின் சீட்டில் ஏதோ அசைந்தது. திரும்பிப் பார்த்தேன். மூன்று வயது இருக்கும், ஒரு சின்னப் பெண், தாயின் ஷோலைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தது, எழுந்து உட்கார்ந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு என்னையே பார்த்தது. மகள், அறுபத்தேழு வருஷத்தில் என் நெஞ்சு அப்படி நின்றதில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை நான் வரிசையாகச் சொல்ல முடியாது, ஏனென்றால் வரிசையாக நடக்கவில்லை. கதவு திறந்தது, சட்டைக் கொலரைப் பிடித்து யாரோ இழுத்தார்கள், மண்ணில் விழுந்தேன், மூக்குக்கண்ணாடி எங்கோ போனது. அந்தக் கிழமை முழுவதும் பிள்ளை பிடிக்கிற கூட்டம் ஒன்று திரிகிறது என்று எல்லார் போனிலும் செய்தி ஓடியது, எனக்கே மூன்று பேர் அனுப்பியிருந்தார்கள், நானும் வாகினி சித்திக்கு அனுப்பி வைத்தேன். இப்போது அந்தப் பிள்ளை பிடிக்கிறவன் நான். காரைத் தள்ளின இரண்டு பேரில் ஒருவன்தான் அறைந்தான். எங்களையே தள்ள வெச்சிட்டியே, எங்க கையாலயே புள்ளையக் கடத்தப் பாத்தியே என்று கேட்டுக் கேட்டு இரண்டு தடவை அறைந்தான். அவனுடைய கோபத்தை நான் பிழை சொல்ல மாட்டேன், ஆனால் அறை அறைதான். என் கார், என் கார் என்று மட்டும்தான் எனக்குச் சொல்ல வந்தது. உன் காருன்னா நம்பரைச் சொல்லு என்றான் ஒருவன். சொன்னேன். அவன் குனிந்து முன் தகட்டில் இருந்த நம்பரைச் சத்தமாக, ஒவ்வொரு எழுத்தாக வாசித்தான். அது வேறு நம்பர். அது வரைக்கும் இவர்களெல்லாம் பைத்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நம்பரைக் கேட்ட பிறகுதான், பைத்தியம் பிடித்தது எனக்கோ என்று பயந்தேன். நம் கார் நாலு வாகனம் தள்ளி மரத்தடியில் நின்றது. அதைக் கையால் காட்டினேன். ஒருவரும் நம்பவில்லை. இந்தக் காரையும் உன் சாவிதானே திறந்தது, எத்தனை காருக்குச் சாவி வெச்சிருக்கே என்று கேட்டார்கள்.

என்னைக் காப்பாற்றியது அந்தத் தாய். மஸீஹா என்று பேர், நம்ம ஊர்ப் பக்கம்தான், இருபத்தெட்டு வயதுகூட இருக்காது. பிள்ளையை இடுப்பில் இறுக்கி வைத்துக்கொண்டு, அழுதுகொண்டே, அடிக்காதீங்க, கொஞ்சம் நில்லுங்க என்று கூட்டத்துக்குள் வந்தாள். அந்தச் சாவியத் தாங்க, நான் பாக்கிறேன் என்று ஒருவன் உருவி வைத்திருந்த என் சாவியை வாங்கிக்கொண்டு நம் காருக்கு நடந்தாள். கூட்டம் முழுவதும் பின்னால் போனது, என்னையும் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். கதவைத் திறந்தாள், பிள்ளையோடே உட்கார்ந்தாள், சாவியைத் திருப்பினாள். ஒரே திருப்பில் எஞ்சின் பிடித்தது. நான் அந்த மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஆனால் அதோடு முடியவில்லை மகள். என்னை விட்ட கூட்டம் அவள் பக்கம் திரும்பியது. புள்ளையத் தனியா வெச்சிட்டுப் போறியே, நீயெல்லாம் ஒரு தாயா என்று ஆளுக்கு ஆள் ஏசத் தொடங்கினார்கள். பிள்ளைக்கு இரண்டு நாள் காய்ச்சல், அப்போதுதான் கண் அயர்ந்தது, எழுப்ப மனமில்லாமல் ஜன்னல் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி விட்டு, கதவைப் பூட்டிவிட்டு, காய்ச்சல் மருந்து வாங்க ஓடியிருக்கிறாள். நாலு நிமிஷம். செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. ஆனாலும் அவளை ஒண்ணும் சொல்லாதீங்க, பூட்டின காருக்குள்ளே ஏறினது நான் என்று சொன்னேன். என் குரல் யாருக்காவது கேட்டதோ தெரியாது. அதற்குள் பொலிஸ் வந்துவிட்டது, சத்தம் கேட்டு அம்மாவும் ஓடி வந்தாள். அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுத வேண்டாம்.

பொலிஸில் சார்ஜன்ட் நல்ல மனிதர், நாற்காலி தந்தார், ஆனால் விடவில்லை. மாத்தயா, உங்க சாவி எப்படி அந்தக் காரைத் திறந்தது, எனக்கு அதைச் சொல்லுங்க என்று சிங்களத்தில் திரும்பத் திரும்பக் கேட்டார். அதைச் சொல்ல முடியாவிட்டால் நான் கள்ளச் சாவி வைத்திருந்தவன்தான். கடைசியில் நம் ஷிஹாமைக் கூப்பிட்டேன், காருக்கு வயரிங் வேலை பார்க்கிறவர். அவர் இரண்டு காரையும் பொலிஸ் வாசலுக்குக் கொண்டுவரச் சொன்னார். மஸீஹாவின் கார் பதினைந்து வருஷத்துக் கார், கதவுப் பூட்டும் ஸ்டார்ட் பண்ணுகிற பூட்டும் உள்ளே தேய்ந்து வழுவழு என்று போய்விட்டது, அதே வகைச் சாவி எதைப் போட்டு அசைத்தாலும் திரும்பும் என்று காட்டினார். என் சாவியைப் போட்டார். கதவு திறந்தது, சிவப்பு லைட் மின்னியது, எஞ்சின் பிடிக்கவில்லை. மஸீஹாவின் சாவியைப் போட்டார். லைட் அணைந்தது, எஞ்சின் பிடித்தது. பிறகு ஷிஹாம் சார்ஜன்ட் பக்கம் திரும்பினார். சேர், சாவி வெட்டுறது யாரும் வெட்டிக்கலாம், அது வெறும் இரும்பு. இந்தச் சாவித் தலைக்குள்ள ஒரு அரிசி அளவு சிப் இருக்கு, அதுக்குப் பேட்டரியும் இல்ல. சாவியத் திருப்பினா ஸ்டியரிங் பக்கத்துல இருக்கிற வளையம் நீ யாருன்னு கேக்கும், இது தன்னோட நம்பரைச் சொல்லும். காருக்குள்ள இருக்கிற கம்ப்யூட்டருக்கு அந்த நம்பர் தெரிஞ்சாத்தான் பெற்றோலை விடும், நெருப்பு விடும். தெரியாட்டி நீங்க தள்ளினாலும் சரி, மலையில இருந்து உருட்டினாலும் சரி, எஞ்சின் உயிர் பிடிக்காது. முந்தி மாதிரி வயரை இழுத்துத் தொட்டு ஸ்டார்ட் பண்ணிட்டுப் போறது இதுகிட்ட சரிவராது, இதுக்குப் பேரு இம்மொபிலைசர் என்றார். சார்ஜன்ட் தானே ஏறி இரண்டு சாவியையும் போட்டுப் பார்த்தார். பிறகு என் தோளில் கை வைத்து, கள்ளனுக்கு வைத்த பூட்டு உங்களைக் காப்பாத்தியிருக்கு மாத்தயா என்றார். வாக்குமூலம் எழுதி அனுப்பிவிட்டார்கள். என்னை அறைந்த பையன் வெளியே மதிலோரம் நின்றான். அம்மாவுக்கு ஒரு கோப்பை பிளேன்டி வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனான்.

என்னைக் காப்பாற்றியது என்று சார்ஜன்ட் சொன்னார். என்னை மட்டுமா மகள்? அந்த அரிசி அளவு சாமான் இல்லாவிட்டால் முதல் திருப்பிலேயே எஞ்சின் பிடித்திருக்கும். பேங்க் வாசலில் அம்மா முன்னால் ஏறியிருப்பாள், கதை பேசிக்கொண்டு உக்குவளைக்கு வந்திருப்போம், காய்ச்சல் பிள்ளை பின்னால் ஷோலுக்குள் கிடக்க, அந்தத் தாய் வெறும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பாள். வழியில் எவனாவது மறித்திருந்தால் இரண்டு அறையோடு விட்டிருக்க மாட்டான், அம்மாவும் பக்கத்தில் இருந்திருப்பாள். ஐந்து நாளாக இதையேதான் நினைக்கிறேன். சோற்றில் கை வைத்தால் அந்தச் சின்னப் பெண் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்க்கிறது.

இனி உன்னிடம் மறைத்தது. சித்திரையிலேயே கண் டொக்டர் என் இரண்டு கண்ணிலும் புரை வளர்ந்திருக்கிறது, வலது கண் மோசம், வாகனம் ஓட்டாதீங்க என்று சொல்லிவிட்டார். அம்மாவிடமும் சொல்லவில்லை, உன்னிடமும் சொல்லவில்லை. முப்பது வருஷம் கமநல சேவைத் திணைக்களத்து ஜீப்பை நாலந்தாப் பக்கத்துக் காட்டு ரோட்டிலெல்லாம் ஓட்டினவன், எனக்கு ரோடு தெரியும் என்ற திமிர். அந்த நம்பர் தகடு இரண்டு யார் தூரத்தில் இருந்தது, நான் அதை வாசிக்கவில்லை, ஏனென்றால் என்னால் வாசிக்க முடியாது. பூட்டுத் தேய்ந்தது உண்மை, ஆனால் பூட்டு மட்டும் காரணம் இல்லை. செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவள் ஏசவில்லை, காரின் இரண்டு சாவியையும் எடுத்து அரிசிப் பீப்பாவில் போட்டு மூடினாள். கண்டி ஆஸ்பத்திரியில் அடுத்த மாதம் பதினோராம் திகதி ஒரு கண்ணுக்கு ஆபரேஷன், பயப்படுவதற்கு ஒன்றும் இல்லை, நீ ஓடி வர வேண்டாம்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் யாரோ போனில் பிடித்திருக்கிறார்கள். முப்பத்தெட்டு விநாடி. என்னை இழுக்கிறது இருக்கிறது, அறைகிறது இருக்கிறது, அதோடு முடிகிறது. மாத்தளையில் பிள்ளை கடத்தியவன் பிடிபட்டான் என்று எழுதிப் போட்டிருக்கிறார்கள். பழைய ஒபிஸ் ஆட்கள் கூப்பிட்டு, தர்மராஜா அது நீயில்லைத்தானே என்று கேட்கிறார்கள். உன் கூட்டாளிகள் யாராவது அனுப்பியிருக்கலாம், அனுப்பாவிட்டாலும் ஒரு நாள் வந்து சேரும், அதற்கு முன்னால் என் கையெழுத்தில் உனக்கு வர வேண்டும் என்றுதான் எழுதினேன். வெள்ளிக்கிழமை மஸீஹாவும் அவளுடைய கணவர் பவாஸும் வீட்டுக்கு வந்தார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. அங்கிள், நான் ஒண்டு செய்யப் போறேன், நீங்க வேணாம் எண்டு சொல்லக்கூடாது என்றாள். நம் முன் அறையில் உட்கார்ந்தே, தன் முகத்தைக் காட்டி, தன் பெயரைச் சொல்லி ஒரு வீடியோ எடுத்தாள். அவர் கடத்த வந்தவர் இல்ல, மாறி ஏறினவர், அவருட சாவிய அவருட காருக்குப் போட்டுப் பாத்தது நானேதான், எண்ட புள்ளையத் தனிய விட்டது எண்ட பிழை, அவர அடிச்சது எல்லாருட பிழை என்று சொன்னாள். அன்றைக்கே போட்டாள். என்னைப் பற்றி ஏசுகிறது குறைந்துவிட்டது. இப்போது நூற்றுக்கணக்கான பேர் அவளுக்குக் கீழே எழுதுகிறார்கள், ஒரு தாய்க்கு எழுதக்கூடாத வார்த்தையெல்லாம். பவாஸ் அந்த வீடியோவை அழித்துவிடு என்று சொல்லியிருக்கிறார், அவள் அழிக்கவில்லையாம். எனக்கு அங்கே பதில் எழுதுகிற வித்தையெல்லாம் தெரியாது, கண்ணும் இல்லை. அம்மா வாசித்துக் காட்டுகிறாள், பாதியில் நிறுத்திவிடுகிறாள்.

நீ காரில் ஏறும்போது நம்பரைப் பார்த்து ஏறு, பின் சீட்டையும் ஒரு தடவை திரும்பிப் பார். நேரத்துக்குச் சாப்பிடு. மருமகனுக்கு எங்கள் அன்பைச் சொல். அம்மன் உங்கள் இருவரையும் நிழல் போல் காக்கட்டும், தீர்க்காயுசாக இருங்கள். மறக்காமல் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. இதனுடன் மஸீஹாவின் வீடியோவையும் அனுப்பும்படி அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அதன் கீழே உன் பெயரைப் போட்டு, நான் அவருடைய மகள், உங்களுக்கு நன்றி அக்கா என்று எழுது. அத்தனை பேருக்கு நடுவில் அவள் அந்த ஒன்றையாவது வாசிக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
தர்மராஜா